இருபத்து மூன்றாம் இலக்க வீட்டுக்கு

டீச்சர்,

ஒரு வாரமாக மழை விடவில்லை. மூன்றாம் தரத்துக் கொப்பிகளைத் திருத்தலாம் என்று மேசையில் அடுக்கி, மேலே கிடந்ததைத் திறந்தேன். உடனே முகத்தில் வந்து அடித்தது அந்த வாசம். அடுப்புப் புகை. மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டத்து லயங்களின் வரிசை வீடுகளிலிருந்து வருகிற கொப்பிகள் எல்லாமே இப்படித்தான் மணக்கும். நனைந்த புத்தகப் பையை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுக் காய வைத்தால் வேறு என்ன வாசம் வரும்? நான் வேலைக்கு வந்த முதல் மாதம், "என்னாங்க இது, கருவாட்டுப் பொட்டலம் மாதிரி" என்று மூக்கைச் சுளித்தேன். நீங்கள் அந்தக் கொப்பியை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "எங்க வீட்டு வாசந்தான் டீச்சர்" என்று சிரித்தீர்கள். அன்றைக்கே என் வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கலாம். போடவில்லை.

கொப்பிகளில் இருப்பது சுற்றாடல் பாடம். நாம் வாழும் இடத்தைப் பற்றியது. முகவரி எழுதிவரச் சொல்லியிருந்தேன். இருபத்தாறு பேரும் பெயர், இலக்கம், பிரிவு, தோட்டம், தபால் ஊர் என்று ஒழுங்காக எழுதியிருந்தார்கள். இலக்கம் 4, இலக்கம் 17, இலக்கம் 9. சரி போட்டுக்கொண்டே வந்தேன். இலக்கம் 22 வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அதற்கு அடுத்த காம்பிரா, அந்த ஒற்றை அறை வீடு, உங்களுடையது. நீங்கள் கண்மூடி ஏழு மாதம் ஆகிறது. உங்களிடம் நேரில் சொல்ல வேண்டிய ஒன்றைப் பதினொரு வருஷமாகத் தள்ளிப் போட்டவள், இப்போது உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். எனக்குப் புத்தி எப்போதும் கடைசி பஸ்ஸில்தான் வரும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

நமக்கு முதல் சண்டை வந்ததும் இதே பாடத்தில்தான். சண்டை என்று நான்தான் சொல்கிறேன். நீங்கள் குரலை உயர்த்தவே இல்லை. நான் ஹட்டன் டவுனில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டுக் கதவில் தகரத்தில் இலக்கம் அடித்திருக்கும். தபால்காரர் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். உலகத்தில் எல்லா வீடும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். பிள்ளைகளோ ஒருவர் விடாமல் பெயரையும் தோட்டத்தையும் தபால் ஊரையும் மட்டும் எழுதிக்கொண்டு வந்தார்கள். "நம்பர் எங்க? நம்பர் இல்லாத வீடும் ஒரு வீடா?" என்று சத்தம் போட்டு, சிவப்புப் பேனாவால் எல்லாவற்றையும் வெட்டினேன். மறுநாள் அத்தனை பேரும் இலக்கத்தோடு வந்தார்கள். அத்தனை பேருக்கும் இலக்கம் 1. டீச்சர் கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதானே.

நம் பள்ளிக்கூடம் ஒரே மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது, ஒரு கரும்பலகை மட்டும். இந்தப் பக்கம் நான் கத்தினால், அந்தப் பக்கம் நாலாம் தரத்தை வைத்திருந்த உங்களுக்கு ஒரு சொல் தவறாமல் கேட்கும். இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு என் மேசைக்கு வந்தீர்கள்.

"நம்பர் இருந்தா எழுத மாட்டாங்களா டீச்சர்?"

"அப்ப ஒங்க வீட்டு நம்பர் என்னா?" என்று கேட்டேன், விடாமல்.

"எனக்கும் இல்ல. எனக்கு நியமனக் கடிதம் வந்தப்போ பன்னெண்டு நாள் தோட்டத்து ஆபிஸ்லயே கெடந்துச்சு. யாரோ அந்தப் பக்கம் போனவங்க பாத்து எடுத்துட்டு வந்தாங்க."

அப்போதுதான் எனக்குத் தபால் சங்கதி விளங்கியது. லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. எல்லாக் கடிதமும் மொத்தமாக ஆபிசுக்கு வந்து ஒரு பெட்டியில் கிடக்கும். அந்தப் பக்கம் போகிற யாராவது அள்ளிக்கொண்டு வந்து, பெயரைப் பார்த்து ஆள் பார்த்துக் கொடுப்பார்கள். பாடப் புத்தகத்தில் தபால்காரர் சைக்கிளில் நின்று மணி அடிக்கிற படம் இருக்கிறதே, அதைக் காட்டி "இவர் யார்?" என்று கேட்டால் பாதிப் பிள்ளைகள் "போலீஸ்" என்று சொன்னதற்கும் காரணம் புரிந்தது. அதற்கும் நான் பிழை போட்டிருந்தேன்.

அதே மாதம்தான் கலைச்செல்வி அக்காவின் கதை நடந்தது. மேல் லயத்தில் ஒரு ப. கலைச்செல்வி, கீழ் லயத்தில் ஒரு ப. கலைச்செல்வி. ஒரே முதலெழுத்து, ஒரே தோட்டம், ஒரே முகவரி. கீழ் லயத்து அக்காவுக்குக் கண் ஒப்பரேசனுக்குத் திகதி கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. அது மேல் லயத்து அக்கா வீட்டுக்குப் போய்விட்டது. கடிதம் சிங்களத்தில் இருந்தது. அந்த வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. ஆனால் அரசாங்க முத்திரை இருந்ததால் முக்கியமான கடுதாசி என்று தெரிந்தது. தொலைந்துவிடக் கூடாதே என்று மாரியம்மன் படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் சேர்த்துச் சாம்பிராணி காட்டியிருக்கிறார்கள். யாரோ விருந்தாளி வந்து வாசித்துச் சொன்னபோது திகதி கடந்து ஐந்து வாரம். அடுத்த திகதி வருவதற்குள் கீழ் லயத்து அக்காவுக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கியே போய்விட்டது. யாரைத் திட்டுவது? கும்பிட்டு வைத்தவர்களையா?

அந்த அக்காவின் மகள் தர்ஷினி உங்கள் வகுப்பில்தான் இருந்தாள். அந்தக் கடிதம் கைக்கு வந்த மறுநாள் அவள் எழுந்து, "ஏன் டீச்சர் நம்ம வீட்டுக்கெல்லாம் நம்பர் இல்ல?" என்று கேட்டது கரும்பலகைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. நானாக இருந்தால் பிரித்தானியர் காலத்திலிருந்து ஆரம்பித்துப் பெரிய விளக்கம் கொடுத்திருப்பேன். நீங்கள், "எனக்கும் சரியாத் தெரியல. யாருகிட்ட கேக்கலாம்?" என்றீர்கள்.

பிள்ளைகள் சொன்னதை எல்லாம் பலகையில் எழுதினீர்கள். துரை. கங்காணி. கிராம சேவகர். கோயில் தலைவர். ஒரு குட்டி "சாமிகிட்ட" என்றது, அதையும் எழுதினீர்கள். சாமியைத் தவிர மற்ற எல்லோரிடமும் இரண்டிரண்டு பேராகப் போய்க் கேட்டு வந்தார்கள். கிராம சேவகர், லயம் தோட்டத்துக்குச் சொந்தம், அங்கே கேளுங்கள் என்றாராம். ஆபிசில், முகவரி கொடுப்பது அரசாங்க வேலை, அங்கே கேளுங்கள் என்றார்களாம். நான் உங்களை எச்சரித்தேன். "வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்காதீங்க டீச்சர்." நீங்கள் சொன்ன பதிலைத்தான் இன்றைக்கும் என் பாடக்குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதுகிறேன்: "கேள்வி கேட்டா பதிலுக்குக் காத்திருக்கணும். வரலன்னா திரும்பக் கேக்கணும். நாலாந்தரத்துக்கு இவ்வளவு போதும்."

தோட்டத்தை நடத்துகிற துரைக்குக் கடிதம் எழுதினார்கள். எங்கள் வீடுகளுக்கு நாங்களே இலக்கம் எழுதிக்கொள்ள அனுமதி தாருங்கள் என்று நாலே வரி. பதில் வரவில்லை. மூன்று வாரம் கழித்து இன்னொன்று. அதற்கும் வரவில்லை. "நம்ம கடுதாசியும் ஆபிஸ்ல அந்தப் பொட்டிக்குள்ளதான் கெடக்கோ என்னமோ" என்று தர்ஷினி சொன்னபோது நீங்கள் சிரித்த சிரிப்பில் பள்ளிக்கூடத்து அதிபர் எழுந்து எட்டிப் பார்த்தார்.

காத்திருந்த அந்த வாரங்களில் இன்னொரு வேலை நடந்தது. எங்கிருந்து எண்ண ஆரம்பிப்பது? மூன்று லயம், முப்பத்தாறு காம்பிரா. மேல் லயத்துப் பிள்ளைகள் கோயில் பக்கமிருந்து என்றார்கள், கீழ் லயத்துப் பிள்ளைகள் ரோட்டுப் பக்கமிருந்து என்றார்கள். என் வகுப்பையும் சேர்த்துக்கொண்டு வாக்கெடுப்பு வைத்தீர்கள். துண்டுக் காகிதத்தில் எழுதி, மடித்து, பிஸ்கட் டின்னுக்குள் போட வேண்டும். எண்ணுகிற வேலை எனக்கு. முதல் துண்டைப் பிரித்தேன். 'கோயில் பக்கம். ச. நிரோஷா.' அடுத்ததிலும் பெயர். அதற்கடுத்ததிலும். எல்லாத் துண்டிலும் பெயர். நான் வாய்விட்டுச் சிரித்தேன். "ரகசியமாப் போடச் சொன்னா பேர எழுதி வச்சிருக்குங்க, மக்குங்க!"

நீங்கள் சிரிக்கவில்லை. "ஏம்மா பேரு எழுதினீங்க?" என்று தர்ஷினியைக் கேட்டீர்கள்.

"பேரு போடாட்டி வந்ததா ஆகாதே டீச்சர். பெரட்டுல அம்மாவுக்கு அப்புடித்தானே."

விடியற்காலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் பதிகிற அந்தப் பெரட்டைத்தான் இந்தப் பிள்ளைகள் பிறந்தது முதல் பார்க்கிறார்கள். அங்கே பெயர் விழாவிட்டால் நாள் முழுக்க மலையில் நின்றாலும் வராதவர்தான். வாக்குக்கும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறார்கள். என் சிரிப்பு பாதியில் நின்றது. நீங்கள் அவர்களைத் திருத்த அவசரப்படவில்லை. "பேரு போட்டுச் சொல்றதுக்குத் தைரியம் வேணும். பேரு போடாமச் சொல்றதுக்கு ஒங்களுக்கு உரிமை இருக்கு. ரெண்டும் வேற வேற" என்று சொல்லி, மறுபடியும் வாக்கெடுக்க வைத்தீர்கள். முதல் தடவை கிட்டத்தட்ட எல்லோரும் கோயில் பக்கம், ஏனென்றால் மலையில் எல்லோரையும் வேலை வாங்குகிற கங்காணியின் பேத்தி நிரோஷா அப்படித்தான் வேண்டும் என்று சத்தமாகச் சொல்லியிருந்தாள். இரண்டாம் தடவை ரோட்டுப் பக்கம் நாலு வாக்கில் வென்றது. நிரோஷா அழுதாள். முதலாம் இலக்கம் எந்தக் கதவில் வர வேண்டும் என்று காட்டுகிற பொறுப்பை அவளுக்கே கொடுத்தீர்கள். அழுகையைத் துடைத்துக்கொண்டு ஓடிப் போனாள். குடியியல் என்று நான் பயிற்சிக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தது முழுவதும் அந்த ஒரு பாடவேளைக்குள் அடங்கிவிட்டது, டீச்சர்.

மூன்றாவது கடிதத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. பதில் வராவிட்டால் அடுத்த மாத முதல் சனிக்கிழமை எழுதிவிடுவோம். பதில் வரவில்லை. கோயில் திருவிழாவில் மிஞ்சிய நீலப் பெயின்ட் அரை வாளி கிடைத்தது. பிரஷ் யார் பிடிப்பது? உங்கள் கையெழுத்தைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். கோழி கிளறினது போல இருக்கும். அதிபரே உங்கள் பாடக்குறிப்பை என்னிடம் நீட்டி, இதை வாசித்துச் சொல்லுங்கள் என்பார். அதனால் பிரஷ் என் கைக்கு வந்தது. சும்மா வரவில்லை, நானே கேட்டு வாங்கினேன். அந்த வயதில் யாராவது என் எழுத்தைப் புகழ்ந்தால் எவரெஸ்டுக்கும் ஏறியிருப்பேன்.

அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது. நிரோஷா முன்னால் ஓடிக் கதவைக் காட்டுவாள். வாளியைத் தூக்கிக்கொண்டு என் வகுப்புப் பிள்ளைகள் பின்னால் வருவார்கள். நீங்கள் ஒவ்வொரு வீட்டிலும் நின்று, "எழுதலாமாங்க?" என்று கேட்டு, அவர்கள் தலையாட்டிய பிறகுதான் என்னைப் பார்ப்பீர்கள். எட்டாவது காம்பிராவில் முத்தையா தாத்தா மறித்தார்.

"எட்டு வேணாம்மா, அது சனி புடிச்ச நம்பரு. எனக்கு ஒம்பது போடு."

பெரியவரிடம் என்ன சொல்வது என்று நாம் விழித்துக்கொண்டு நிற்கும்போது தர்ஷினி சொன்னாள்: "தாத்தா, எட்டு இல்லாம ஒம்பது வராது. நீங்க எட்டா இருந்தாத்தான் பக்கத்து வீட்டு மாமா ஒம்பது." தாத்தா கதவை விட்டு ஒதுங்கி நின்றார். கான்வென்டில் படித்த பழக்கத்தில் நான் ஏழுக்கு நடுவே ஒரு கோடு போடுவேன். அந்தக் கோடு போட்ட ஏழு, ஏழாம் கதவிலும் பதினேழாம் கதவிலும் இருபத்தேழாம் கதவிலும் ஏறியது. உங்கள் வீட்டுக்கு இருபத்து மூன்று எழுதும்போது உங்கள் தம்பி மனைவி எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார்.

அடுத்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

தோட்டத்துச் சொத்தில் அனுமதியில்லாமல் எழுதியது, விடுமுறை நாளில் பள்ளிப் பிள்ளைகளை வேலை வாங்கியது என்று முறைப்பாடு போனது. வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஒரு அதிகாரி வந்து மண்டபத்தின் மூலையில் அதிபரின் மேசையில் உட்கார்ந்தார். முதலில் என்னைக் கூப்பிட்டார். அப்போது என் தகுதிகாண் காலம் முடிய நாலு மாதம் இருந்தது, வேலை நிரந்தரமாகவில்லை. அப்பா பேக்கரி வேலையை விட்டிருந்தார். தங்கை படித்துக்கொண்டிருந்தாள். இதைச் சாக்காகச் சொல்லவில்லை; நிலைமை அப்படி இருந்தது, அவ்வளவுதான்.

"மிஸ், இந்த நம்பர் எழுதின வேலையில நீங்களும் சேந்தீங்களா?"

"இல்ல சேர். எனக்கு ஒன்னுமே தெரியாது. அது நாலாந்தரத்து டீச்சரோட வேல."

அவர் அதை எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். என் முதுகுக்குப் பின்னால் என் வகுப்புக் கரும்பலகையில் அன்றைய திகதி, கோடு போட்ட ஏழோடு இருந்தது. அவர் பார்க்கவில்லை. திரும்பியபோதுதான் மண்டபம் முழுவதும் சத்தமில்லாமல் இருந்ததைக் கவனித்தேன். வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த என் பிள்ளைகள் நிறுத்திவிட்டிருந்தார்கள். பெயின்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் நடந்த அதே பிள்ளைகள். குனிந்து கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரும்பலகைக்கு அந்தப் பக்கம் உங்கள் காலணி மட்டும் தெரிந்தது. நீங்கள் அசையாமல் நின்றிருந்தீர்கள்.

சாயந்தரம் பஸ்ஸுக்கு நடக்க எழுந்தேன். உங்கள் முகத்தைப் பார்க்காமல் குடையைத் தேடினேன். நீங்கள் கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்து, "சீக்கிரம் போங்க டீச்சர், பஸ்ஸ விட்டுடப் போறீங்க" என்றீர்கள். திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டி, அழுது, இரண்டு நாளில் எல்லாம் சரியாகியிருக்கும். நீங்கள் குடையைத் தந்தீர்கள்.

சேவையின் தேவை கருதி என்று சொல்லி உங்களை நல்லதண்ணிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றினார்கள். கிழமை நாளில் அங்கே ஒரு அறையில் தங்கி, வெள்ளிக்கிழமை மூன்று பஸ் மாறி வீட்டுக்கு வருவீர்கள். மலைக்கு யாத்திரை போகிறவர்களின் சீசன் வந்தால் பஸ்ஸில் நிற்கவும் இடமிருக்காது. போனில் பேசும்போது அதையெல்லாம் வேடிக்கை போலச் சொல்வீர்கள். "இன்னைக்கு ஒரு சாமியாரோட மூட்டைக்கு மேல ஒக்காந்து வந்தேன் டீச்சர், புண்ணியம்." நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே, இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அதற்குள் நீங்கள் என் தங்கையின் படிப்பை விசாரிப்பீர்கள். ஆறு வருஷம் இப்படியே போனது. நீங்கள் திரும்பி நம் பக்கம் வந்தபோது வேறு பள்ளிக்கூடம். மண்டபத்தின் அந்தப் பாதியில் வேறு யாரோ இருந்தார்கள்.

இலக்கங்களை வெள்ளையடித்து மறைக்கச் சொன்னார்கள், மறைத்தார்கள். இரண்டு மழையில் நீலம் வெளியே வந்தது. பிறகு ஆளுக்கு ஆள் தங்கள் கதவுக்குத் தாங்களே அதன் மேல் பூசிக்கொண்டார்கள். என் ஏழில் இருந்த கோட்டைக்கூட விடவில்லை. புதிதாக வந்த தபால்காரர் ஒருநாள் சந்திக்கடை வரை வந்து, முப்பத்தாறு வீட்டையும் கேட்டு எழுதிக்கொண்டு போனார். ஒரு கண் மங்கிப்போன கலைச்செல்வி அக்காவுக்கு இப்போது வருகிற கடிதமெல்லாம் சரியாக வருகிறது. உங்கள் மரண அறிவித்தலை ஒரு துணிப் பதாகையாக ரோட்டில் கட்டியிருந்தார்கள். அதில் பெயருக்குக் கீழே 'இல. 23' என்று அச்சடித்திருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு அந்தத் துணிக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. தேவாலயத்தில் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஃபாதர் பொறுமையாகக் கேட்டு, மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். சொன்னேன். மாதா மன்னித்திருப்பார். ஆனால் நான் பொய் சொன்னது மாதாவிடம் இல்லையே.

போன வாரம் இந்த முகவரிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது இருபத்திரண்டாம் வீட்டு ஹர்ஷினி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், எங்க வீட்டு நம்பர யாரு எழுதினது?"

வழக்கமாக, முன்பிருந்த பிள்ளைகள் எழுதினார்கள் என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். அன்றைக்கு என்னவோ, முழுவதையும் சொன்னேன். கலைச்செல்வி அக்கா, கடிதங்கள், பிஸ்கட் டின், பெயின்ட். பிரஷ் பிடித்தது நான் என்றதும் கை தட்டினார்கள். பிறகு அதிகாரி வந்ததையும் சொன்னேன், நான் சொன்ன பதிலையும் சொன்னேன். கை தட்டல் நின்றது.

"பொய் சொன்னீங்களா டீச்சர்?"

"ஆமா."

"ஏன்?"

"பயமா இருந்துச்சு."

ஹர்ஷினி கோபமாகக் கேட்கவில்லை, காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதுபோலத்தான் கேட்டாள். "இப்பவும் பயமா டீச்சர்?"

அன்றிரவே எழுதினேன். இன்ன பள்ளிக்கூடத்தில் இன்ன விசாரணையில் நான் கொடுத்த வாக்குமூலம் பொய். முப்பத்தாறு இலக்கத்தையும் என் கையால் எழுதினேன். அதற்குரிய தண்டனையை இப்போது கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் வலயப் பணிமனைக்கு அனுப்பினேன்.

நேற்று அங்கே பழைய பைல் கோவைகளைப் பார்க்கிற அம்மா ஒருவர் எனக்குப் போன் எடுத்தார். நல்ல மனுஷி. குரலில் சங்கடம்.

"டீச்சர், இந்த விசாரண மூடியே ரொம்ப காலமாச்சுங்களே. அவங்களும் இல்ல. இப்ப இத வச்சு நாங்க என்னா செய்யிறது?"

"ஒன்னும் செய்ய வேணாங்க. அந்தக் கோவையிலயே வச்சிருங்க, போதும்."

"வைக்கலாம் டீச்சர். ஆனா ஒரு சிக்கல் இருக்கு." காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "ஒங்களுக்கு அடுத்து அவங்க ஒரு விளக்கக் கடிதம் கொடுத்திருக்காங்க. எழுத்து சரியா வெளங்கல, இருங்க வாசிக்கிறேன். 'எல்லா இலக்கங்களையும் நானே என் கையால் எழுதினேன். வேறு எந்த ஆசிரியருக்கும் இதில் பங்கில்லை. மூன்றாந்தர ஆசிரியை அன்று தோட்டத்திற்கு வரவேயில்லை.' இப்புடி அவங்களே கையெழுத்துப் போட்டிருக்காங்க. நீங்க எழுதினதா நீங்க சொல்றீங்க. ரெண்டுல எது சரின்னு போட?"

மழைக்குப் பாடம் நடக்காத நாளில், எல்லோரும் நடந்ததாக எழுதிக்கொள்ளும்போது, 'மழை. பாடம் நடக்கவில்லை' என்று எழுதி அதிபரிடம் ஏச்சு வாங்கியவர் நீங்கள். அரசாங்கக் காகிதத்தில் நடக்காததை எழுத மாட்டேன் என்று நின்றவர். என் பொய்யைக் கரும்பலகைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டு, என் குடையைத் தேடி எடுத்துக் கொடுப்பதற்கு முன்பே, அந்த மேசைக்குப் போய் உட்கார்ந்து, என் பொய் நிலைக்கட்டும் என்று உங்கள் பொய்யையும் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். நீங்கள் கேட்டீர்களா, கேட்கவில்லையா, கோபமா, இல்லையா என்று இத்தனை வருஷம் நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். என்னோடதுதான் சரி. அவங்க சொன்னது பொய்யின்னு போட்டுருங்க."

"எழுத்துல தருவீங்களா?"

தருகிறேன் என்றேன். இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். நீங்கள் பொய் சொன்னவர் என்று அரசாங்கக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், டீச்சர். அதற்காகவாவது இப்போது என்னைத் திட்டுங்கள். என் பொய்யை ஒருவழியாக இறக்கி வைத்தாயிற்று. எனக்காக நீங்கள் சொன்னதை எங்கே இறக்கி வைப்பது என்றுதான் தெரியவில்லை. அது என்னிடமே இருக்கட்டும்.

உங்கள்
பிலோ டீச்சர்